கோப்புப் படத்தில் ஒரு மீசை

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் 'பத்தாம்பக்கம்'. நாளிதழின் பத்தாம் பக்கம்தான் ஆரோக்கியப் பக்கம். அதைத் தினமும் நிரப்புவது அவர் வேலை. படித்தது வரலாறு. வேலைக்குச் சேர்ந்தது விளையாட்டுப் பக்கத்துக்கு. ஆரோக்கியப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டுத் திரும்பி வரவே இல்லை. "கொஞ்ச நாள் நீ பாத்துக்கப்பா" என்றார் ஆசிரியர். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பக்கத்தின் இடது ஓரத்தில் 'நல்லது' என்று ஒரு பெட்டி, வலது ஓரத்தில் 'ஆபத்து' என்று ஒரு பெட்டி. மனிதன் வாய்க்குள் போடும் எதுவாக இருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றில் குடியேறியாக வேண்டும். முட்டை இடது பக்கம் சௌகரியமாக இருக்கும். திடீரென்று வலது பக்கம் போய்விடும். அப்புறம் மன்னிக்கப்பட்டுத் திரும்பி வரும். காப்பி ஒரே வாரத்தில் இரண்டு பக்கமும் போய்வந்தது உண்டு. இந்த விஷயத்தில் பத்தாம்பக்கம் பெரிய நியாயஸ்தர். எந்தப் பண்டத்தையும் ஒரேயடியாக வலது பக்கத்தில் உட்கார வைத்துவிட மாட்டார். "எல்லாருக்கும் முறை வரணும்ல" என்பார்.

எங்கோ ஒரு குளிர் நாட்டில் நாலைந்து எலிகளுக்கு வயிற்றைக் கலக்கினால், மறுநாள் இங்கே 'ஆசியர்களுக்கு அவசர எச்சரிக்கை' என்று தலைப்பு வரும். அந்த எலிகளின் பூர்வீகம் என்ன என்று வாசகர்கள் யாரும் கேட்டதில்லை. நடுவில் டாக்டர் கருத்து. டாக்டர் நிஜமானவர்தான், போன் செய்தால் எடுப்பார், அதுதான் அவருடைய முதல் தகுதி. எதைப் பற்றிக் கேட்டாலும், "அளவோடு சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, அளவு மீறினா கஷ்டம்" என்பார். கேள்வியை முழுசாகக் கேட்டு நேரத்தை வீணாக்கமாட்டார். சில நாட்களில் பத்தாம்பக்கம் போன்கூடப் போடுவதில்லை. டாக்டரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை.

பக்கத்தின் கீழ்ப்பாதி முழுக்க ஒரு சத்துப் பானத்தின் விளம்பரம். அந்த டப்பாவில் பாதி சர்க்கரை. ஆகவே பத்தாம் பக்கத்தில் உப்பு கெட்டது, எண்ணெய் கெட்டது, உட்கார்ந்தே இருப்பது கெட்டது, நின்றுகொண்டே இருப்பதும் அவ்வளவு சிலாக்கியமில்லை. சர்க்கரையைப் பற்றி மட்டும் விஞ்ஞானிகள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டியது. அவர் வீட்டில் மட்டும் அதற்கு மரியாதை இல்லை. பேப்பர் வந்ததும் மனைவி பத்தாம் பக்கத்தை மட்டும் உருவி, சமையலறை அலமாரியில் விரித்து, எண்ணெய்ப் பாட்டிலை அதன்மேல் வைப்பார். "பழைய பேப்பர் இல்லையா?" என்று அவர் ஒரு முறை கேட்டார். "இதுல எழுதியிருக்கறதெல்லாம் பழசுதானே" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அவரும் தன் பக்கத்தை நம்பி வயிற்றைக் காயப்போடுகிற ஆள் இல்லை. சாயங்காலம் ஆனால் அலுவலகத்துக்குப் பின்தெருவில் இருந்த பேக்கரிக்குப் போய்விடுவார். ஒரு வெண்ணெய் பன், கரண்டி நிற்கும் அளவுக்குச் சர்க்கரை போட்ட டீ. பேக்கரி அவருடைய மனைவியின் தம்பியுடையது. அவரைத் தெருவே 'மீசை' என்றுதான் கூப்பிட்டது. மூக்குக்குக் கீழே புறப்பட்டு இரண்டு காதுகளையும் விசாரித்துவிட்டு வரும் மீசை. அந்த முகத்தில் மீசை போக மீதியை யாரும் கவனித்துப் பார்த்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் மனைவி ஒரு பிராது வைத்தார். "ஊர் பேர் தெரியாத எலியப் பத்தியெல்லாம் பக்கம் பக்கமா எழுதறீங்க. என் தம்பி போடற பன்னப் பத்தி ரெண்டு வரி எழுதினா கை சுளுக்கிக்குமா?"

எழுதினார். 'அதிகாலையின் வாசனை' என்று தலைப்பு. படமும் அவரே எடுத்தார்: பச்சை ஷட்டர், கண்ணாடிப் பெட்டி, தட்டு நிறையப் பன், பின்னால் மீசை. செய்தி வந்த அன்றே மைத்துனர் அதைக் கத்தரித்து லேமினேட் செய்து கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டிவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் டீ வருவதற்குள் அதைப் பார்த்தே ஆகவேண்டும். வேறு பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. படத்தின் மூலப்பிரதி அலுவலகக் கம்ப்யூட்டரில் 'பன்' என்ற பெயரில் போய்ப் படுத்துக்கொண்டது. படுத்தது எழுந்த கதைதான் இது.

ஒரு நாள் பிற்பகல் செய்தி நிறுவனத்திலிருந்து ஒரு தகவல் வந்தது. ஆசியாவில் வேறொரு நாட்டில், ஒரு பள்ளிக்கூடத்தில் பன் சாப்பிட்ட பிள்ளைகள் வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். காரணம் என்ன என்று விசாரிக்கிறார்கள். அவ்வளவுதான். 'விசாரிக்கிறார்கள்' என்பதை வைத்துக்கொண்டு தலைப்புப் போட முடியாது என்பதால், 'விஷமான பன்! ஆசியாவை மிரட்டும் அபாயம்' என்று பத்தாம்பக்கம் போட்டார்.

"படம் வரல சார்" என்றார் பக்கம் கட்டுகிற லேஅவுட்காரர். "படம் இல்லாம மூணு பத்தி அகலத்துக்குச் செய்தி நிக்காது."

"ஏதாவது பன் படம் போடுங்களேன்."

லேஅவுட்காரர் கம்ப்யூட்டரில் 'பன்' என்று தட்டினார். ஒரே ஒரு படம் எழுந்து உட்கார்ந்தது. அவர் மனசாட்சி உள்ளவர். யார் கடையோ என்று பெயர்ப்பலகையை மேலே வெட்டிவிட்டார். ஓரத்தில் கொஞ்சம் வெட்டினார். மிஞ்சியது பச்சை ஷட்டர், தட்டு, பாதி மீசை. அடியில் எறும்பு ஊர்வது மாதிரி 'கோப்புப் படம்' என்று போட்டார். பத்திரிகைத் தொழிலில் அந்த இரண்டு வார்த்தைகள் பூட்டு மாதிரி. போட்டுவிட்டால் உள்ளே எதை வேண்டுமானாலும் வைக்கலாம்.

அச்சுக்குப் போகுமுன் பக்கம் பத்தாம்பக்கத்தின் மேஜைக்கு வந்தது. தலைப்பு பத்தி அகலத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று பார்த்தார். எங்கேயாவது சர்க்கரை தலைகாட்டுகிறதா என்று பார்த்தார். படங்களை அவர் அகலம் சரியா என்றுதான் பார்ப்பார், சரியாக இருந்தது. மைத்துனர் கடையிலிருந்து வந்த பன்னை மென்றபடியே கையெழுத்துப் போட்டார். வாயில் இருந்த பன்னும் படத்தில் இருந்த பன்னும் ஒரே அடுப்பில் வெந்தவை என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மனைவி வழக்கம்போல் பத்தாம் பக்கத்தை உருவி அலமாரியில் விரித்தார். எண்ணெய்ப் பாட்டிலை எடுத்த கை அப்படியே நின்றது.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்க."

"என்ன?"

"இது யார் மீசை?"

"எந்த மீசை?"

"அபாயம்னு போட்டிருக்கே, அதுக்குக் கீழ பாதி மீசை தொங்குதே, அது யாரோடது? என் தம்பி மீசை எனக்குத் தெரியாதா? முளைக்க மாட்டேங்குதேன்னு அவன் அழுதப்போ தினமும் எண்ணெய் தடவி விட்டவ நான்."

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கழற்றிவிட்டும் பார்த்தார். இரண்டு விதத்திலும் அது மைத்துனராகவே இருந்தது.

"கோப்புப் படம்னு போட்டிருக்கோமே" என்றார்.

"அப்படின்னா?"

"அதாவது, இந்தப் படத்துக்கும் செய்திக்கும் சம்பந்தம் இல்லன்னு அர்த்தம்."

"சம்பந்தம் இல்லாத படத்த எதுக்குப் போடறீங்க?"

இத்தனை வருஷத்தில் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு பேக்கரிக்கு ஓடினார்.

அங்கே காரியம் ஏற்கெனவே முடிந்திருந்தது. காலையில் பூங்காவைச் சுற்றி நடக்கிற கோஷ்டி ஒன்று, நடந்து கரைத்ததையெல்லாம் திரும்பச் சேர்த்துக்கொள்ள நேராக மீசை கடைக்குத்தான் வரும். அதன் தலைவர் ரிட்டயர்டு ஆபீசர். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டார். ஆனால் குரலில் இன்னும் ஃபைல் இருந்தது. பத்தாம் பக்கத்தை அவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் பன்னைக் கடித்துக்கொண்டே பயப்படுவார்கள். அன்றைக்கும் படித்தார். தலை நிமிர்ந்தார். கல்லாவுக்கு மேலே லேமினேட் தொங்கிக்கொண்டிருந்தது. பேப்பரை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"அதே ஷட்டர்."

"அதே தட்டு" என்றார் இன்னொருவர்.

"ஐயா, அது ஏதோ வேற நாட்டுல நடந்தது" என்றார் மீசை.

"வேற நாட்டுல நடந்ததுக்கு உங்க படத்த ஏன்யா போடப் போறாங்க?"

 

"கீழ என்னமோ கோப்புப் படம்னு போட்டிருக்கே" என்று கூட்டத்தில் ஒருவர் இழுத்தார்.

"போலீஸ் கோப்புல இருந்து எடுத்தது" என்று ஆபீசர் விளக்கினார். பாதி கடித்த பன்கள் மேஜைமேல் வைக்கப்பட்டன. இப்படி நடந்துகொண்டிருக்கும்போதுதான் பத்தாம்பக்கம் உள்ளே நுழைந்தார். ஒரு ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். அந்தப் பக்கத்தைத் தயாரித்தவர் தான்தான் என்று அறிமுகப்படுத்திக்கொள்ள அது நல்ல சமயம் என்று அவருக்குப் படவில்லை.

அன்றைக்குப் போட்ட பன் கண்ணாடிப் பெட்டிக்குள்ளேயே சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கேன்டீன்காரர் போன் செய்து, "நாளையிலேர்ந்து வேண்டாம், தப்பா எடுத்துக்காதீங்க, இது ஆஸ்பத்திரி பாருங்க" என்றார். இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. மீசை ஒரு தட்டுக்கு மட்டும் மாவு பிசைந்தார், அதுவும் விற்கவில்லை.

"அத்தான், இன்னும் கொஞ்ச நாள் பாப்பேன். அப்புறம் அடுப்ப அணைச்சுட்டு எங்கயாவது வேலைக்குப் போக வேண்டியதுதான்" என்றார் மீசை. குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பத்தாம்பக்கத்துக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மனைவியிடம் கோபம் தாராளமாக இருந்தது. "அந்தக் கடை மூடட்டும். உங்க ஆபீஸ் வாசல்லயே வந்து உக்காந்துக்கறேன். வேணும்னா அதையும் படம் எடுத்துக் கோப்புல வச்சுக்கோங்க."

அவர் ஆசிரியரிடம் போனார். ஆசிரியர் நல்ல மனிதர். யார் போனாலும் உட்காரச் சொல்வார்.

"திருத்தம் போட்டா நாம தப்பு பண்ணோம்னு ஆயிடுமேய்யா."

"தப்புதானே சார் பண்ணோம்?"

"அதுக்காக?"

கடைசியில் மைத்துனர் என்பதால் மனமிரங்கினார். டெண்டர் அறிவிப்புக்கும் தொலைந்துபோன சான்றிதழ்களுக்கும் நடுவில் ஒரு திருத்தம் வந்தது: 'படத்தில் காணப்படும் பச்சை ஷட்டர் பேக்கரிக்கும் விஷப் பன்னுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்று தெரிவிக்கப்படுகிறது.' பத்தாம் பக்கத்தைப் படிக்காத பாக்கிப் பேருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்தது. பச்சை ஷட்டர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார்கள்.

"தெரிவிக்கப்படுகிறதாமே! யார் தெரிவிச்சது? அவனே தெரிவிச்சிருப்பான்" என்றார் ஆபீசர்.

பத்தாம்பக்கம் விடவில்லை. ஒரு பையில் பன்னை எடுத்துக்கொண்டு உணவுப் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போனார். அங்கிருந்த அம்மாள் அவருடைய அடையாள அட்டையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பத்திரிகையிலேர்ந்து இங்க யாரும் வந்ததே இல்லையே. எழுதறதுக்கு முன்னாடி கேட்டுட்டு எழுதலாம்னு வந்தீங்களா?"

"இல்லம்மா. எழுதிட்டுத்தான் வந்திருக்கேன்."

"அதானே பாத்தேன்" என்று அந்த அம்மாள் பையை வாங்கிக்கொண்டார்.

பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள்: பன் பன்னாகவே இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை. பத்தாம்பக்கம் அறிக்கையோடு ஆசிரியர் முன்னால் போய் நின்றார்.

"ஒண்ணும் இல்லங்கறது எப்படிய்யா செய்தி ஆகும்? பஸ் கவிழாம ஊர் போய்ச் சேந்துதுன்னு போடுவோமா?"

"சார், கடை மூடிடும்."

"அது செய்தி" என்றார் ஆசிரியர், தன்னையறியாமல். பிறகு சங்கடப்பட்டுக்கொண்டு, "சரி, எழுதிக் கொடு. தலைப்ப நான் பாத்துக்கறேன்" என்றார்.

தன் வாழ்க்கையில் முதல் முறையாக பத்தாம்பக்கம் ஒரு கட்டுரையை எலி இல்லாமல் எழுதினார். பன்னில் என்ன இருக்கிறது, அடுப்பில் அது எவ்வளவு சூட்டில் வேகிறது, ஆய்வகம் என்ன சொன்னது, எல்லாம் உண்மை. ஆசிரியர் தலைப்புக் கொடுத்தார்: 'பன்னுக்குள் என்ன இருக்கிறது? ஆய்வகம் உடைத்த ரகசியம்!' விளம்பரப் பிரிவு படித்துப் பார்த்து ஒரே ஒரு வார்த்தையை எடுத்தது. அதுதான் சர்க்கரை. டாக்டரின் கருத்தும் வழக்கம்போல் நடுவில் வந்து உட்கார்ந்தது.

ஆபீசர், கடைக்குள் வராமல், ஷட்டருக்கு வெளியே நின்றபடி கோஷ்டிக்கு அதைப் படித்துக் காட்டினார். "மாவு, தண்ணி, உப்பு, வெண்ணெய், ஈஸ்ட். சரி, இந்தப் பன் இனிக்குதே. அந்த இனிப்பு எங்கேர்ந்து வருது? அதச் சொல்லியிருக்கானா பாருங்க. அதைத்தான் மறைக்கறாங்க."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"அளவு மீறினா கஷ்டமாம். டாக்டர் வாயாலயே வந்துடுச்சு, இதுக்கு மேல என்ன வேணும்?"

அன்று மீசை மாவே பிசையவில்லை.

பத்தாம்பக்கம் அடுத்து என்ன எழுதலாம் என்று வீட்டில் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். மனைவி அந்தப் பேனாவைப் பிடுங்கி அலமாரிமேல் வைத்தார். "நீங்க உதவி பண்ணது போதும். இன்னும் ரெண்டு உதவி பண்ணீங்கன்னா அவனைப் பிடிச்சு உள்ள வச்சுடுவாங்க." ஒரு டப்பா ஆரஞ்சு பெயிண்ட்டும் ஒரு ரேசரும் வாங்கிக்கொண்டு அவரே தம்பி கடைக்குப் போனார்.

"ஷட்டருக்குப் பெயிண்ட். இது உனக்கு."

"அக்கா, மீசையையா?"

"கடை வேணுமா, மீசை வேணுமா?"

மீசை கொஞ்ச நேரம் கண்ணாடி முன்னால் நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது கூடப் பிறந்த அக்காவுக்கே ஒரு கணம் யாரோ மாதிரி இருந்தது. மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் அவ்வளவு இடம் இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பெயர்ப்பலகை மாறியது. கல்லாவுக்கு மேலிருந்த லேமினேட் இறங்கி, வீட்டு அலமாரியில் எண்ணெய்ப் பாட்டிலுக்கு அடியில் போனது. "பேப்பரவிட இது தேவல. துடைச்சுக்கலாம்" என்றார் மனைவி.

ஷட்டரைத் திறந்த காலையிலேயே கோஷ்டி வந்துவிட்டது. பன் வாசனையை எத்தனை நாள்தான் அவர்களும் தாங்குவார்கள்?

"புது ஓனரா?" என்றார் ஆபீசர்.

தம்பி அக்காவைப் பார்த்தார். "ஆமாங்க, புதுசு" என்றார் அக்கா.

"நல்லதாப் போச்சு. முன்னாடி இருந்தவன் படுபாவி. முகத்தப் பாத்தாலே தெரியும். அவ்வளவு பெரிய மீசை எதுக்கு ஒரு மனுஷனுக்கு? எதையோ மறைக்கத்தானே?"

"ஆமாங்க" என்றார் தம்பி.

"உங்க முகம் வெள்ளையா, ஒளிவுமறைவு இல்லாம இருக்கு. ரெண்டு வெண்ணெய் பன் குடுங்க."

இப்படியாக வியாபாரம் திரும்பியது. தினமும் காலையில் தன்னைப் பற்றிய வசவை ஒரு மணி நேரம் கேட்டு, அதற்குத் தலையாட்டி, டீ போட்டுக் கொடுத்தார் தம்பி. ஆஸ்பத்திரிக் கேன்டீன்காரரும் போன் செய்து, புது ஓனருக்கு வாழ்த்துச் சொல்லி, பழையபடி பன் அனுப்பச் சொன்னார். மாவு இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் செய்தி நிறுவனத்திலிருந்து இன்னொரு தகவல் வந்தது. அந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் விசாரணை முடிந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். காரணம் பன் இல்லை. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி.

பத்தாம்பக்கம் அதை எடுத்துக்கொண்டு மைத்துனரிடம் ஓடினார். தம்பி படித்தார். பன் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"அத்தான், உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். நல்லது பண்றேன்னு திரும்ப எதையும் போட்டுடாதீங்க. இப்பதான் எல்லாரும் மறந்திருக்காங்க."

அவர் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் மேஜையில் அந்தத் தாள் கிடந்தது. அவர் பக்கத்தில் எத்தனையோ பீதிகள் ஆரம்பித்திருக்கின்றன. ஒன்றுகூட முடிந்ததாக அவருக்கு நினைவில்லை. முடிவோடு வந்த ஒரே செய்தி இது. குப்பைக்கூடை வரைக்கும் கொண்டுபோனார், திரும்பினார். நாலே வரி எழுதினார். சத்துப் பான விளம்பரத்துக்கு மேலே இருந்த இடுக்கில் வைத்தார்.

"படம் சார்?" என்றார் லேஅவுட்காரர்.

"வேண்டாம்."

"தண்ணித் தொட்டின்னு தட்டிப் பாத்தேன். நம்ம கிட்ட ஒண்ணு இருக்கு."

"யார் வீட்டுது?"

"தெரியல சார்."

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

நாலு வரியை, அதுவும் படம் இல்லாமல், யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் மறுநாள் காலையிலேயே பேக்கரிக்குப் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்தார். ஆபீசர் வந்தார். பேப்பர் பத்தாம் பக்கத்தில் மடித்திருந்தது. தம்பி அத்தானைப் பார்த்த பார்வையில் டீ ஆறிவிட்டது.

"கேட்டீங்களா கதைய?" என்று ஆபீசர் கோஷ்டியைப் பார்த்துச் சொன்னார். "பன்னுல தப்பே இல்லையாம். எல்லாம் தண்ணித் தொட்டியாம். பாவம், அந்த மீசைக்கார மனுஷன். தங்கமான ஆளு. இந்தப் பத்திரிகைக்காரங்க அநியாயமா ஊரவிட்டே விரட்டிட்டாங்க."

"நாம அன்னிக்கே சொன்னோம்" என்றார் இன்னொருவர்.

"சொன்னோம்" என்று ஆபீசர் ஒப்புக்கொண்டு, கையிலிருந்த பன்னை ஒரு கடி கடித்து, மென்று, கண்ணை மூடி யோசித்தார். பிறகு கல்லாவைப் பார்த்து வருத்தத்தோடு சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. நீங்களும் முயற்சி பண்றீங்க. ஆனா என்ன இருந்தாலும் அவர் பன் மாதிரி வரல."

கோஷ்டி முழுவதும் ஒரு முறை மென்று பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டியது.

அவர்கள் போன பிறகு தம்பி ஈரத்துணியால் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். ஒரு கை மட்டும் அடிக்கடி மேலுதட்டுக்குப் போய் வந்தது.

"அத்தான், சீக்கிரமா மீசை வளர என்ன பண்ணணும்? உங்க பக்கத்துல எப்பவாவது போட்டிருக்கீங்களா?"

பத்தாம்பக்கம் வாயிலிருந்த பன்னை விழுங்கினார்.

"போட்டிருக்கோம். வெங்காயச் சாறு தடவணும்னு ஒரு தடவ. தடவவே கூடாதுன்னு இன்னொரு தடவ."